செடியில் தேடுவதற்கு முன் புல்லில் தேடுங்கள்: வெட்டுக்கிளியோடு நான் பட்ட பாடு

அசுவினி, மாவுப்பூச்சி, காய்த்துளைப்பான் என்று எதைக் கேட்டாலும் சொல்ல ஆளிருக்கிறார்கள். வெட்டுக்கிளி என்றால் மட்டும் "வேப்பெண்ணெய் அடிங்க, போயிடும்" என்ற ஒரே வரிதான் திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒரு பருவம் முழுவதும் தனியாகப் போராடினேன். விதைத்த பீன்ஸ், சோளம், கீரை, நாற்று விட்ட வெங்காயம் எல்லாம் போனது. விதைக்கும் வலைக்கும் கரைசலுக்கும் கொடுத்த பணம் ஒரு பக்கம். அதைவிட, காலையில் தோட்டத்துக்குப் போகவே மனம் வராத நிலைக்கு வந்துவிட்டேன். இன்னொருவர் அந்த நிலைக்கு வரக்கூடாது என்பதற்காகவே நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

என் தோட்டம் பெரியதில்லை. நான்கைந்து பாத்தி, ஒரு பந்தல், ஓரத்தில் கொஞ்சம் பூச்செடி. வேலிக்கு அந்தப் பக்கம் காலி நிலம். யாரும் பயிரிடுவதில்லை, இடுப்பளவு புல் நிற்கும். மழை நின்று வெயில் ஏறி, அந்தப் புல் மஞ்சளடிக்கத் தொடங்கிய நேரத்தில் ஒரு நாள் ஆளையும் இயந்திரத்தையும் விட்டு மொத்தத்தையும் வழித்துவிட்டார்கள். மறுநாள் தண்ணீர் பாய்ச்சப் போனால் கால் வைத்த இடமெல்லாம் சரசரவென்று தெறிக்கிறது. பச்சை, பழுப்பு, தொடையில் கோடு போட்டது என்று விதவிதமான வெட்டுக்கிளி. முந்தின வாரம் வரை இலைக்கு ஒன்றிரண்டு கடி இருந்தாலே அதிகம் என்றிருந்த தோட்டம் அது.

பீன்ஸ் வரிசைதான் முதலில் போனது. இலையின் ஓரத்திலிருந்து தாறுமாறாக உள்ளே தின்றுகொண்டே வந்து நடுநரம்பை மட்டும் விட்டுவைக்கின்றன. முளைத்து இரண்டு இலை விட்ட கன்றுகளில் நடுநரம்புகூட மிஞ்சவில்லை, மண்ணுக்கு மேலே விரற்கடை உயரத்துக்குக் குச்சிதான் நின்றது. வெங்காயத் தாளை நுனியிலிருந்து கடித்து இறங்கி, சில இடத்தில் மண்ணுக்குள் இருக்கும் குமிழ் வரைக்கும் குடைந்திருந்தன. எனக்கு விளங்காமல் இருந்தது ஒன்றுதான்: அதே பாத்தியை ஒட்டி நின்ற தக்காளி இலையில் பெரிதாக ஒரு சேதமும் இல்லை. பரங்கிக்கொடியும் அப்படித்தான். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, பீன்ஸ், சோளம், கேரட், வெங்காயம், கீரை மாதிரியான இளம் பச்சை அவற்றுக்கு மிகவும் பிடிக்கும். தக்காளி இலையையும் பரங்கி வகைகளையும் வேறு வழியிருந்தால் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். இதை முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால், கையிலிருந்த கொஞ்ச நஞ்ச வலையை எதன்மேல் போடுவது என்றாவது தெரிந்திருக்கும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இலை கடிபட்டிருந்தால் உடனே வெட்டுக்கிளி என்று முடிவு கட்டாதீர்கள். இலையில் கறுப்பாக உருண்டை உருண்டையாக எச்சம் கிடந்தால் பெரும்பாலும் புழு. காய்ந்த பசை போல மினுக்கும் தடம் இருந்தால் நத்தை. வெட்டுக்கிளி பகலில் தின்னும், வெயில் ஏற ஏறச் சுறுசுறுப்பாகும், நடந்து போனால் தெறிக்கும். இன்னொன்று, கும்பிடுபூச்சியை வெட்டுக்கிளி என்று நினைத்து நசுக்கிவிடாதீர்கள். முக்கோணத் தலையும் மடக்கிய முன்னங்கால்களும் இருந்தால் அது உங்கள் பக்கம் நிற்கும் பூச்சி.

முதலில் எல்லாரும் சொல்வதைத்தான் செய்தேன். பூண்டு, மிளகாய் அரைத்து வடிகட்டித் தெளித்தேன். அடித்த அன்று கொஞ்சம் விலகி உட்காரும். மறுநாள் வெயிலில் வாசம் போனதும் அதே இடத்துக்குத் திரும்பிவிடும். வெல்லப்பாகைப் பத்து மடங்கு தண்ணீரில் கரைத்து, வாய் அகன்ற புட்டிகளில் ஊற்றி மண் மட்டத்துக்குப் புதைத்து வைத்தேன். விழத்தான் செய்தன. ஆனால் உள்ளே விழுந்ததைப் போலப் பல மடங்கு இலைமேல் உட்கார்ந்திருந்தது. தகரத்தைத் தட்டிச் சத்தம் போட்டுப் பார்த்தேன். கூட்டமாகப் பறந்து வரும் பாலைவன வெட்டுக்கிளியை இறங்கவிடாமல் கிளப்ப அது உதவலாம். தோட்டத்தில் குடியிருக்கும் பூச்சி இந்தப் பாத்தியிலிருந்து அந்தப் பாத்திக்குத் தாவியதோடு சரி. இவையெல்லாம் பொய் வைத்தியம் என்று நான் சொல்லவில்லை. பூச்சி குறைவாக இருக்கும்போது கைகொடுக்கும், வேலிக்கு வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்கும்போது கைகொடுக்காது. கரைசலில் சோப்பு கூடிப்போனால் இலை கருகும் என்பதையும் நினைவில் வையுங்கள். எந்தக் கரைசலையும் முதலில் ஓரிரு இலையில் அடித்து, ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு செடி முழுவதற்கும் அடியுங்கள்.

தெரிந்தவர்கள் "ரசாயன மருந்தை அடிச்சு முடிச்சு விடு" என்றார்கள். கோபத்தில் அதற்கும் மனம் போனது, மறைக்கவில்லை. யோசித்தபோது கணக்கு சரிவரவில்லை. அன்றைக்குத் தோட்டத்தில் இருப்பது சாகும், நாளைக்கு வெளியிலிருந்து இன்னொரு படை வரும். நடுவில் பரங்கிப் பூவுக்கு வரும் தேனீயும், மண்ணில் கிடக்கும் தேரையும், சிலந்தியும் போய்விடும். அடுத்த பருவத்தில் வெட்டுக்கிளிக் குஞ்சைத் தின்ன ஆளே இருக்காது. அதனால் வேண்டாம் என்று விட்டேன், அந்த முடிவில் இன்றைக்கும் எனக்கு நிறைவுதான்.

பணம் அதிகம் போனது வலையில். மிச்சமிருந்த கீரையையாவது காப்பாற்றலாம் என்று நைலான் வலை வாங்கி வளைவு கட்டி மூடினேன். சில நாட்கள் நிம்மதி. அப்புறம் ஒரு மதியம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது, வலையின் மேல் ஒரு பெரிய வெட்டுக்கிளி அசையாமல் இருந்தது. கூர்ந்து பார்த்தால் அதன் வாய் மட்டும் பக்கவாட்டில் கத்தரிபோல வேலை செய்துகொண்டிருந்தது. அது நகர்ந்த பிறகு இழை அறுந்து ஒரு சிறு ஓட்டை. வலையில் எங்கெல்லாம் இலை ஒட்டிக்கொண்டிருந்ததோ அங்கெல்லாம் அப்படி ஓட்டை இருந்தது. துணி, மெல்லிய நைலான், பிளாஸ்டிக் வலை எல்லாவற்றையும் அவற்றால் கடித்துத் திறக்க முடியும். பூச்சி வரத்து அதிகமாக இருக்கும் இடத்தில் வலைக்குச் செலவு செய்வதாக இருந்தால் ஜன்னலுக்கு அடிக்கும் உலோகக் கொசுவலையையே வாங்குங்கள். மரச் சட்டத்தில் அடித்து, அடிப்பாகத்தை மண்ணுக்குள் அழுத்திவிடுங்கள், இலை வலையில் முட்டாதபடி உயரம் விடுங்கள். விலை கூடுதல்தான். ஆனால் பருவத்துக்குப் பருவம் அதையே எடுத்து வைத்துப் பயன்படுத்தலாம். கீரை, நாற்று, பீன்ஸ் ஆகியவற்றுக்கு மூடியே வைக்கலாம். வெள்ளரி, பரங்கி போன்றவை பூத்துவிட்டால் தேனீ வர வழிவிட வேண்டும், இல்லாவிட்டால் காய் பிடிக்காது.

இனி வேம்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிக நம்பிக்கை வைத்து அதிக ஏமாற்றம் அடைவது இதில்தான். வேம்புக்கும் வெட்டுக்கிளிக்கும் உள்ள பகை சும்மா சொல்லும் கதை இல்லை. 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை இறங்கியபோது மற்ற மரமெல்லாம் மொட்டையாக, வேப்பமரம் மட்டும் பச்சையாக நின்றதை ஹைன்ரிச் ஷ்முட்டரர் என்ற ஜெர்மன் பூச்சியியலாளர் கவனித்தார். 1962-இல் டெல்லியில் வேப்பங்கொட்டைப் பருப்பை அரைத்துத் தண்ணீரில் கலந்து பயிரில் தெளித்துப் பார்த்தார்கள். வெட்டுக்கிளி வந்து உட்கார்ந்தது, ஆனால் தின்னவில்லை. அதற்குக் காரணமான அசாடிராக்டின் என்ற பொருளை 1968-இல் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பெருமையெல்லாம் பாலைவன வெட்டுக்கிளியை வைத்து வந்தது. அதற்கு வேம்பு ஆகவே ஆகாது. எல்லா இனமும் அப்படி இல்லை. சில இனம் வேம்பு தெளித்த இலையையும் தின்னத்தான் செய்யும். சிறகு முளைத்த பெரிய பூச்சியாக இருந்தால் தின்றும் உடனே சாகாது.

அப்படியானால் வேம்பு எதற்கு? குஞ்சுப் பருவத்துக்கு. வெட்டுக்கிளிக் குஞ்சு ஐந்தாறு முறை தோலுரித்துத்தான் வளர்கிறது. அசாடிராக்டின் உள்ளே போனால் அந்தத் தோலுரிப்பு கெட்டுவிடுகிறது. அடுத்த பருவத்தில் நான் இதை நேரிலேயே பார்த்தேன். வேப்பங்கொட்டைக் கரைசல் தொடர்ந்து அடித்த பாத்தியில், ஒரு குஞ்சு பழைய தோலிலிருந்து பாதி வெளியே வந்து, பின்னங்கால் இரண்டும் தோலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, புல்லில் தொங்கியபடி செத்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இது எப்படி வேலை செய்கிறது என்று எனக்குப் பிடிபட்டது. அடித்த மறுநாள் பலனைத் தேடக்கூடாது, ஒன்றிரண்டு வாரம் பொறுக்க வேண்டும்.

அளவு என்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, ஒட்டிக்கொள்வதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். அன்றன்றைக்குச் செய்ததை அன்றன்றைக்கே அடித்துவிட வேண்டும். கொட்டை கிடைக்காவிட்டால் வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, முதலில் சோப்பில் நன்றாகக் குழைத்துவிட்டுத் தண்ணீர் சேருங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். மாலையில்தான் அடிக்க வேண்டும். அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதைந்துபோகும், காலையில் அடித்தால் மத்தியானத்துக்குள் பாதி வீண். வாரம் ஒருமுறை, மழை பெய்தால் திரும்பவும். இலையின் அடிப்பக்கத்தையும் விடக்கூடாது.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். என் தோட்டத்தில் நடந்ததற்குக் காரணம் தோட்டத்துக்கு வெளியேதான் இருந்தது. வெட்டுக்கிளிக்கு வீடு புல்தான். அங்கே பச்சை இருக்கும்வரை அது அங்கேயே கிடக்கும். புல் காய்ந்தாலோ, ஒரேயடியாக வெட்டினாலோ அது பசியோடு கிளம்பும். சுற்றுவட்டாரமே காய்ந்து கிடக்க, தினமும் தண்ணீர் பாய்ச்சிய ஒரு தோட்டம் மட்டும் பச்சையாக இருந்தால் நேராக அங்கேதான் வரும். இதைப் புரிந்துகொண்ட பிறகு என் வேலை முழுக்க மாறிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம், தோட்டத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு பட்டையாகப் புல்லை வளரவிட்டு அதற்கும் தண்ணீர் காட்ட ஆரம்பித்தேன். புல்லுக்குத் தண்ணீர் விடுகிறானே என்று பார்த்தவர்கள் கேட்டார்கள். வறண்ட காலத்தில் அந்தப் பட்டைதான் என் பீன்ஸைக் காப்பாற்றியது. வேலியை ஒட்டி இரண்டடி இடம் மட்டும் வெறுமையாக இருக்கட்டும், நடுவில் மறைந்து வர வழி இருக்காது. தோட்டச் செடிக்கு வேம்பு, வெளிப்பட்டைக்கு ஒன்றும் கிடையாது. கசப்பு இங்கே, நல்ல தீனி அங்கே என்று இருக்கும்போது பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது.

நிலத்துக்காரரையும் போய்ப் பார்த்தேன். சண்டைக்குப் போகவில்லை. "அண்ணே, புல்லு வெட்டுறதா இருந்தா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. என் வேலிப் பக்கத்துல ஆரம்பிச்சு அந்தக் கடைசிக்குப் போகச் சொல்லுங்க, அதுபோதும்" என்றேன். அவருக்குச் செலவில்லாத உதவி, ஒத்துக்கொண்டார். வேலிப் பக்கமிருந்து வெட்டிக்கொண்டு போனால் பூச்சி தள்ளித் தள்ளி அந்தப் பக்கமே நகரும். எதிர்ப்பக்கமிருந்து வெட்டிக்கொண்டு வந்தால் கடைசியில் எல்லாம் உங்கள் பாத்தியில்தான் வந்து இறங்கும். முடிந்தால் ஒரே நாளில் மொத்தத்தையும் வெட்டாமல் பாகம் பாகமாக வெட்டச் சொல்லுங்கள். புல் இளசாக இருக்கும்போதே, முட்டை பொரிப்பதற்கு முன்னாலேயே வெட்டிவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது மண். பருவத்தின் கடைசியில், நடைபாதை ஓரத்துக் கெட்டி மண்ணில் ஒரு பெண் வெட்டுக்கிளி வயிற்றை மண்ணுக்குள் இறக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். கிட்டே போனாலும் நகரவில்லை. அது போன பிறகு அந்த இடத்தைச் சின்னக் களைக்கொத்தியால் கவனமாகக் கிளறினேன். சில அங்குல ஆழத்துக்குள், மண் ஒட்டிய ஒரு கூடு. உடைத்தால் உள்ளே காய்ந்த நுரை, அதற்குள் அரிசியை அடுக்கி வைத்தது போல முட்டைகள். இனத்தைப் பொறுத்து ஒரு கூட்டில் பத்திருபதும் இருக்கலாம், நூறுக்கு மேலும் இருக்கலாம். உழுது பொலபொலவென்றிருக்கும் பாத்தி மண்ணைவிட, வரப்பு, பாதை ஓரம், வேலியடி மாதிரி யாரும் தொடாத கெட்டி மண்ணில்தான் கூடு அதிகம். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரமும் நிம்மதியும் சொல்லி மாளாது. இத்தனை நாள் தாவிப் போகிறதே என்று துரத்திக்கொண்டிருந்த பூச்சி, தாவ முடியாத நிலையில் ஒரே இடத்தில் கிடக்கிறது.

அறுவடை முடிந்ததும் வரப்பையும் வேலியடியையும் ஒரு சாண் ஆழத்துக்கு நன்றாகக் கொத்திப் புரட்டிப் போட்டேன். கோடை உழவு செய்யச் சொல்வதில் இதுவும் ஒரு காரணம். மேலே வந்த கூடு வெயிலில் காயும், மைனாவும் கரிச்சானும் பொறுக்கித் தின்னும், ஆழத்தில் புதைந்ததிலிருந்து குஞ்சு மேலே வருவது கடினம். ஆனால் பெண்பூச்சி முட்டையிட்டு முடித்த பிறகு, பொரிப்பதற்கு முன்னால் கொத்த வேண்டும். பொரித்த பிறகு கொத்திப் பயனில்லை.

அடுத்த பருவத்தில் மழை பெய்து மண் சூடேறியதும் குஞ்சுகள் வந்தன, முழுக்க ஒழிந்துவிடும் என்று யாரும் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் இந்த முறை நான் அவற்றுக்காகக் காத்திருந்தேன். கொசுவைவிடச் சற்றே பெரிதாக, சிறகில்லாமல், புல்பட்டையில் கும்பலாக இருக்கும். சிறகு முளைக்க, இனத்தையும் வெயிலையும் பொறுத்து, ஏறத்தாழ 40 முதல் 60 நாள் ஆகும். நமக்குக் கிடைக்கிற அவகாசம் அந்த நாட்கள்தான். வேம்பு, கோழி, கைப்பிடிப்பு எல்லாம் அப்போது பலிக்கும். சிறகு வந்த பிறகு எதுவும் முழுசாகப் பலிக்காது. விடியற்காலையில், வெயில் படுவதற்கு முன்னால் போய்ப் பிடியுங்கள். குளிரில் அவற்றால் வேகமாகத் தாவ முடியாது. சோப்புத் தண்ணீர் வாளி ஒன்றைப் புல்லுக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, புல்லைத் தட்டினாலே விழும். கோழி வளர்ப்பவர்கள் புல்பட்டைக்குள் மட்டும் விடுங்கள், பாத்திக்குள் விட்டால் அதுவே நாற்றைக் கிளறிவிடும். பறவை உட்கார உயரமான குச்சிகளை நட்டு, ஒரு தட்டில் தண்ணீர் வைத்தேன். கரிச்சான் அந்தக் குச்சியில் உட்கார்ந்து, பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடித்துவிட்டு அதே குச்சிக்குத் திரும்பும். தேரைக்கு நிழலில் உடைந்த சட்டி ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள், ஓணானை விரட்டாதீர்கள்.

ஈரமான நாட்களில் புல் நுனியை இறுகக் கட்டிப்பிடித்தபடி, தலை மேலே பார்க்க, சில வெட்டுக்கிளி செத்துக் காய்ந்திருக்கும். அதைப் பிடுங்கி எறியாதீர்கள். என்டமோபாகா கிரில்லி என்ற பூஞ்சை தாக்கினால் பூச்சி அப்படித்தான் மேலேறிச் சாகும், அந்த உடலிலிருந்து நோய் மற்றவற்றுக்குப் பரவும். கடையில் கிடைக்கும் மெட்டாரைசியம் என்ற பூஞ்சையும் பூச்சியின் தோலில் முளைத்து உள்ளே போய்க் கொல்வதுதான். மாலையில், மண்ணிலும் இலையிலும் ஈரம் இருக்கும்போது அடிக்க வேண்டும். நோசிமா என்ற, வெட்டுக்கிளிக்கு நோய் தரும் நுண்ணுயிர் கலந்த தவிட்டு இரை ஒன்றும் உண்டு, அமெரிக்காவில் 1980-இல் பதிவு பெற்றது. அதுவும் சிறு குஞ்சுக்குத்தான், பலன் மெதுவாகத்தான் தெரியும். சின்னத் தோட்டத்துக்கு அதைத் தேடி அலைவதைவிடக் காலையில் வாளியோடு போவதே மேல் என்பது என் எண்ணம்.

இப்போது விதைப்பதற்கு முன் புல்பட்டையில் நடந்து பார்த்துவிட்டுத்தான் என்ன போடுவது என்று முடிவு செய்கிறேன். காலடிக்கு நாலைந்து குஞ்சு தெறித்தால் அந்தத் தடவை திறந்த பாத்தியில் தக்காளியும் பரங்கியும் மட்டும். பீன்ஸும் வெங்காயமும் உலோக வலைக்குள். நாற்றை மேசைமேல் தட்டில் வளர்த்து, தண்டு கொஞ்சம் முற்றிய பிறகே மண்ணுக்கு இறக்குகிறேன். விதையில் ஒரு பங்கை எப்போதும் எடுத்து வைத்துவிடுகிறேன், முதல் விதைப்பு போனாலும் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.